உங்களுக்குப் பிடித்தது எது? கேட்பது யார்?

"என்னைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும்?" என்ற வரியோடு வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வருகிறது. தொட்டால் பத்துக் கேள்விகள். அனுப்பியவருக்குப் பிடித்த நிறம் எது? பிரியாணியா, புரோட்டாவா? கடலா, மலையா? கோபம் வந்தால் கத்துவாரா, பேசாமல் இருந்துவிடுவாரா? பதில்களைத் தட்டி முடித்ததும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் வருகிறது. கீழே, இதற்கு முன் விளையாடியவர்களின் பெயரும் மதிப்பெண்ணும். அதற்கும் கீழே, நீங்களும் உங்களைப் பற்றி ஒரு வினாடி வினா உருவாக்கலாமே என்று ஒரு பொத்தான்.

காவிரி டெல்டாவின் கடைமடையில், பாக் நீரிணைக் கரையில் இருக்கும் அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் இந்த விளையாட்டுக்குக் கூடுதல் ஈர்ப்பு உண்டு. வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா என்று பிழைக்கப் போனவர்கள் இல்லாத தெருவை இங்கே பார்ப்பது அரிது. தங்கை மூன்றாம் வகுப்பு படிக்கும்போது துபாய்க்கு விமானம் ஏறிய காக்காவுக்கு (அண்ணனுக்கு), கல்லூரிக்குப் போகும் அதே தங்கைக்கு இப்போது என்ன பாட்டுப் பிடிக்கும், கொடுவா மீன் பிடிக்குமா, இறால் பிடிக்குமா என்பதெல்லாம் தெரியாமல் போயிருக்கும். வாரம் ஒருமுறை பேசும் தொலைபேசியில் உடல்நலம், பணம், கல்யாணம், வீட்டு வேலை என்று பேசவே நேரம் சரியாக இருக்கும். பிடித்தது, பிடிக்காதது பற்றிக் கேட்க ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. பத்துக் கேள்வி விளையாட்டு அந்தச் சாக்கைத் தருகிறது.

ஆகவே இதை வெட்டிப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது சரியாகாது. கேட்பதிலும் சொல்வதிலும் தவறில்லை. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் மூன்றாவது ஆள் யார் என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அஞ்சலட்டையில் தொடங்கியது

பிடித்ததை ஊரறியச் சொல்லும் பழக்கம் இணையத்தோடு வந்ததல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த இலங்கை வானொலி, டெல்டாவின் கடற்கரை ஊர்களில் துல்லியமாகக் கேட்கும். அதன் நேயர் விருப்ப நிகழ்ச்சிக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயரும் ஊர்ப் பெயரும் வாசிக்கப்படுமா என்று வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. பாட்டு எப்படியும் ஒலிபரப்பாகும். ஆனால் இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும் என்று கடல் தாண்டி ஒரு குரல் அறிவிப்பதில் தனி மகிழ்ச்சி இருந்தது. பின்னர் சன் தொலைக்காட்சியின் 'பெப்சி உங்கள் சாய்ஸ்' நிகழ்ச்சிக்குத் தொலைபேசி இணைப்புக் கிடைக்காதா என்று மணிக்கணக்கில் எண்ணைச் சுழற்றியவர்களும் அதே மகிழ்ச்சியைத்தான் தேடினார்கள்.

பள்ளி, கல்லூரிகளில் கடைசி நாளன்று கைமாறிய ஆட்டோகிராஃப் நோட்டும் ஸ்லாம் புத்தகமும் இந்த வரிசையில் அடுத்தவை. பிடித்த நடிகர், பிடித்த சாப்பாடு, மறக்க முடியாத நாள், என்னிடம் பிடிக்காத குணம் என்று அச்சடித்த கேள்விகள். நோட்டு யாருடையதோ அவரிடமே திரும்பிப் போகும். எத்தனை பேர் படிப்பார்கள் என்பது எழுதுபவருக்கு ஏறத்தாழத் தெரியும்.

மேலை நாடுகளிலும் இதே கதைதான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வீடுகளில் இத்தகைய கேள்வி ஆல்பங்கள் நாகரிகமாக இருந்தன. லண்டனில் வாழ்ந்த கார்ல் மார்க்ஸ் 1865-இல் தன் மகள்கள் நடத்திய இந்த விளையாட்டில் பதில் எழுதியிருக்கிறார். பிடித்த நிறம் சிவப்பு என்பது அவற்றில் ஒன்று. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் சிறுவனாக இருந்தபோது ஒரு தோழியின் ஆல்பத்தில் எழுதிய பதில்கள், அவர் மறைந்த பிறகு 1924-இல் வெளிச்சத்துக்கு வந்தன. இன்று உலகம் முழுவதும் பிரபலங்களிடம் பத்திரிகைகள் கேட்கும் கேள்விப் பட்டியல் ஒன்று அவர் பெயரால்தான் வழங்குகிறது.

2004-இல் வந்த ஆர்குட், பிடித்த புத்தகம், இசை, படம், உணவு என்று ஸ்லாம் புத்தகத்தின் கட்டங்களையே சுயவிவரப் பக்கமாக மாற்றியது. 2014 செப்டம்பரில் அது மூடப்பட்டபோது, அந்தக் கேள்விகள் ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் குடிபெயர்ந்திருந்தன. நோட்டு மட்டும் இப்போது நம் நண்பர் வீட்டில் இல்லை.

ஏன் விட முடியவில்லை?

தன்னைப் பற்றிப் பேசுவது மனிதருக்கு உள்ளூர இனிக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டயானா டமீர், ஜேசன் மிட்செல் ஆகிய இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றிச் சொல்லும்போது மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதிகள் கூடுதலாக இயங்குவது தெரியவந்தது. அடுத்தவரைப் பற்றிய கேள்விக்கு அதிகப் பணம் தருவதாகச் சொன்னபோதும், கிடைக்கக்கூடியதில் 17 முதல் 25 விழுக்காடு வரை விட்டுக்கொடுத்துத் தன்னைப் பற்றிய கேள்வியையே பலர் தேர்ந்தெடுத்தார்கள்.

கேள்விகள் உறவையும் வளர்க்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவருடைய குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத இருவரை உட்கார வைத்து 36 கேள்விகளை ஒருவருக்கொருவர் கேட்டுப் பதில் சொல்லச் செய்தார்கள். எளிய கேள்வியில் தொடங்கிப் படிப்படியாக ஆழமாகப் போகும் பட்டியல் அது. சும்மா அரட்டையடித்த இணைகளைவிட இந்த இணைகள் நெருக்கமாக உணர்ந்தன. இதில் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள் என்பது முக்கியம். ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டே போனால் அது விசாரணை.

இன்னொரு வகை விளையாட்டு, 'நீங்கள் எப்படிப்பட்டவர்?' என்று தீர்ப்புச் சொல்வது. "அப்படியே என்னைப் பற்றிச் சொல்லிவிட்டது" என்று பகிர்பவர்கள் ஏராளம். அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948-இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, தனித்தனியாக முடிவு எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே காகிதம். கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த பொதுவான வரிகள். 'வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே தயங்குபவர்' என்பது போன்ற வாசகம் யாருக்குத்தான் பொருந்தாது?

335 பேரும் ஐந்தரை லட்சம் பேரும்

மூன்றாவது ஆளின் கதைக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளராக இருந்த அலெக்சாண்டர் கோகன், ஃபேஸ்புக்கில் 'திஸ் இஸ் யுவர் டிஜிட்டல் லைஃப்' என்ற ஆளுமை வினாடி வினாச் செயலியை உருவாக்கினார். உலகம் முழுவதும் ஏறத்தாழ 2.7 லட்சம் பேர் அதை நிறுவிப் பதில் சொன்னார்கள். செயலி அவர்களுடைய விவரத்தோடு நிற்கவில்லை. அன்றைய ஃபேஸ்புக் விதிகள் இடம் கொடுத்ததால், அவர்களின் நண்பர் பட்டியலில் இருந்தவர்களின் விவரங்களும் போயின. அந்தத் தரவு கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குச் சென்றது 2018 மார்ச்சில் அம்பலமானது. 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே அறிவித்தது.

இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர் மட்டும். ஆனால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர். மிச்சமுள்ள 5,62,120 பேரும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாதவர்கள். யாரோ ஒரு நண்பர் அந்தச் செயலியை நிறுவியதால் கணக்கில் வந்தவர்கள். நண்பர் பட்டியலுக்கு எல்லைச் சாவடி கிடையாது. பாதி உறவு வெளிநாட்டில் இருக்கும் ஊருக்கு இது நன்றாகப் புரியும்: நியூயார்க்கில் ஒருவர் அன்று தட்டிய பொத்தான், அதிராம்பட்டினத்தில் இருக்கும் அவருடைய மச்சானின் விவரத்தையும் திறந்துவிட்டிருக்கலாம்.

கேம்பிரிட்ஜ் அனலிடிகா 2018-இலேயே மூடப்பட்டது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2019-இல் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவில் 2021 ஜனவரியில் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. நண்பர்களின் தகவலைச் செயலிகள் அள்ளிக்கொள்ளும் வழியை ஃபேஸ்புக் 2015-இல் அடைத்துவிட்டது. ஆனால் விளையாடுபவர் தன் கையால் கொடுக்கும் விவரத்துக்கு அப்படியொரு அடைப்பு இல்லை.

2018 ஜூனில் இன்னொரு ஓட்டை தெரிந்தது. 'நேம்டெஸ்ட்ஸ்' என்ற ஜெர்மன் நிறுவனத் தளத்தை அப்போது மாதம் 12 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள். 'எந்த இளவரசி நீங்கள்?' என்ற வகைக் கேள்விகள்தாம் அதில் ஓடின. பெல்ஜியத்தைச் சேர்ந்த இண்டி டி கியூகலேர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், அந்தத் தளத்தில் விளையாடியவரின் பெயர், பிறந்த நாள் உள்ளிட்டவற்றை வேறொரு இணையதளமும் படித்துவிட முடியும் என்று காட்டினார். நிறுவனம் கோளாறைச் சரிசெய்தது. தகவல் தவறாகப் பயன்பட்டதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. விளையாடியவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது?

பிடித்தது சொல்லும் பிடிக்காத உண்மை

நிறம், பாட்டு, சாப்பாடு. இவற்றைத் தெரிந்துகொண்டு யார் என்ன செய்துவிட முடியும் என்ற கேள்வி நியாயமானதே. அதற்கும் விடை இருக்கிறது. அமெரிக்காவில் தாமாக முன்வந்த 58,000-க்கும் மேற்பட்டவர்களின் ஃபேஸ்புக் 'லைக்'குகளை வைத்து நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. என்னென்ன பக்கங்களை விரும்பினார் என்பதை மட்டும் கொண்டு, ஒருவர் கிறிஸ்தவரா முஸ்லிமா என்பதை 82 விழுக்காடு, எந்தக் கட்சி ஆதரவாளர் என்பதை 85 விழுக்காடு துல்லியத்தோடு கணினியால் பிரித்துச் சொல்ல முடிந்தது. மதத்தையோ கட்சியையோ நேரடியாகக் காட்டும் பக்கங்களை விரும்பியவர்கள் மிகச் சிலரே. பாட்டு, படம், தின்பண்டம் போன்ற சில்லறை விருப்பங்களின் கூட்டே பெரும்பாலும் விடையைக் கொடுத்தது.

2015-இல் வெளியான தொடர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவரின் குணத்தைக் கணிப்பதில், 10 லைக்குகள் இருந்தாலே கணினி அவருடைய அலுவலகத் தோழரை முந்தியது. 70 இருந்தால் நண்பரை, 150 இருந்தால் குடும்பத்தாரை, 300 இருந்தால் கணவன் அல்லது மனைவியை. 'என்னைப் பற்றி எவ்வளவு தெரியும்?' விளையாட்டில் பத்துக்குப் பத்து வாங்கப்போவது யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

இன்னொரு ஆபத்து கணக்குப் பூட்டைத் திறப்பது. கடவுச்சொல் மறந்தால் மீட்டெடுக்க உதவும் பாதுகாப்புக் கேள்விகளும் இந்த விளையாட்டுக் கேள்விகளும் உடன்பிறப்புகள். முதல் பள்ளி எது, செல்லப்பெயர் என்ன, பிடித்த பொழுதுபோக்கு எது என்ற கேள்விகள் ரயில் பயணச்சீட்டுக்கான ஐஆர்சிடிசி கணக்கிலும் இருந்தன. கூகுள் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆங்கிலம் பேசும் பயனரின் 'பிடித்த உணவு' கேள்விக்கான விடையை ஒரே முயற்சியில் ஊகிக்க 19.7 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பீட்சா என்று அடித்தால் போதும். அதிராம்பட்டினத்துக்காரரின் விடை பிரியாணியா, கொடுவா மீனா என்று ஊகிக்கவும் நிறைய முயற்சி தேவைப்படாது. அதையும் அவரே வினாடி வினாவில் அறிவித்துவிட்டால் ஊகிக்கும் வேலையும் மிச்சம்.

அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலை 2008-இல் ஒரு கல்லூரி மாணவர் இப்படித்தான் திறந்தார். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் எங்கே சந்தித்தார் என்ற மூன்றுக்கும் விடை பொதுவெளியிலேயே கிடைத்தது.

பரிசு என்று வரும் கேள்விகள்

2021 அக்டோபரில் நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரு வினாடி வினா சுற்றியது. டாடா குழுமத்தின் 150-ஆவது ஆண்டு விழா, கார் பரிசு என்றது செய்தி. டாடா குழுமத்தைத் தெரியுமா, வயது என்ன, ஆணா பெண்ணா என்பது போன்ற எளிய கேள்விகள். பிறகு திரையில் பரிசுப் பெட்டிகள்; ஒன்றைத் திறந்தால் பரிசு விழுந்துவிட்டதாக வாழ்த்து. கடைசியில் நிபந்தனை: ஐந்து குழுக்களுக்கோ 20 பேருக்கோ அனுப்பினால்தான் பரிசு. அப்படியொரு போட்டியை நடத்தவே இல்லை என்று டாடா குழுமம் எச்சரித்தது. அதே ஆண்டில் அமேசான் ஆண்டு விழா என்ற பெயரிலும், தாஜ் ஓட்டலில் ஏழு நாள் இலவசத் தங்கல் என்ற பெயரிலும் இதே அச்சில் செய்திகள் வலம் வந்தன.

இவற்றில் கேள்விகளுக்கு எந்த மதிப்பும் இல்லை. தவறான விடை என்று ஒன்றே கிடையாது. உறவினரின் பெயரில் வரும்போது நம்பிக்கை தானாக வந்துவிடும் என்பதுதான் கணக்கு. பெருநாள், பொங்கல் வாழ்த்து என்ற பெயரில் பெயரைத் தட்டச் சொல்லும் இணைப்புகளும் இதே நம்பிக்கையில்தான் குடும்பக் குழுக்களுக்குள் நுழைகின்றன.

பெயர் சொல்லாமல் கேள்வி கேட்கும் செயலிகள் தனி ரகம். சவூதி இளைஞர் ஒருவர் உருவாக்கிய 'சராஹா' 2017-இல் வளைகுடாவிலிருந்து இந்தியா வரை பரவியது. தொலைபேசியில் இருந்த தொடர்பு எண்களை அது தன் சேவையகத்துக்கு ஏற்றியது அந்த ஆகஸ்டிலேயே தெரியவந்தது. பிள்ளைகளைக் கேலி செய்து துன்புறுத்த உதவுகிறது என்ற புகார்களுக்குப் பிறகு, 2018 பிப்ரவரியில் ஆப்பிளும் கூகுளும் அதைத் தங்கள் கடைகளிலிருந்து நீக்கின. அதேபோன்ற 'என்ஜிஎல்' செயலி, நண்பர்கள் கேட்பது போலத் தானே போலிக் கேள்விகளை அனுப்பியது என்று குற்றம்சாட்டப்பட்டு, 2024 ஜூலையில் 50 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதை வழங்கவும் தடை வந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு. 18 வயதுக்குட்பட்டவரின் தரவைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருப்பதால், 2027 மே வரை காத்திருக்க வேண்டும். எந்த நாட்டில், யார் நடத்துகிறார் என்றே தெரியாத வினாடி வினாத் தளத்தின் மீது இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் பாயும் என்பது நடைமுறையில்தான் தெரியும்.

விளையாடலாம், இப்படி

ஏற்கெனவே விளையாடியவர்கள் முதலில் செய்ய வேண்டியது, ஃபேஸ்புக் அமைப்புகளில் 'செயலிகளும் இணையதளங்களும்' என்ற பகுதியைத் திறப்பது. என்றோ 'ஃபேஸ்புக் வழியாகத் தொடர்க' என்று தட்டிய தளங்கள் அங்கே வரிசையாக நிற்கலாம். தேவையில்லாதவற்றை நீக்கிவிடலாம். கூகுள் கணக்கிலும் இதே போன்ற பட்டியல் உண்டு. வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி வைப்பது நல்லது. பாதுகாப்புக் கேள்வி கேட்கும் கணக்குகளில் உண்மைக்குத் தொடர்பில்லாத ஒரு விடையைப் பதிந்து, அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஓடிபி எண்ணை எந்த விளையாட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அது விளையாட்டு இல்லை. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

கேள்விகளையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். பிடித்த பாட்டு, மழை நாளில் சாப்பிடத் தோன்றுவது, போக விரும்பும் ஊர் என்பதெல்லாம் ஒரு வகை. பிறந்த தேதி, படித்த முதல் பள்ளி, உம்மாவின் சொந்த ஊர், வீட்டில் கூப்பிடும் பெயர் ஆகியவை இன்னொரு வகை. இரண்டாவது வகையைத் தெரிந்துகொள்ள வேண்டிய உறவுக்கு அது ஏற்கெனவே தெரியும். ஆகவே அவற்றைக் கேட்கும் இணைப்பை, யார் அனுப்பினாலும், மூடிவிடலாம்.

முதல் வகைக்கு இணைப்பே தேவையில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் 2022 நவம்பர் முதல் கருத்துக்கணிப்பு வசதி இருக்கிறது. ஒரு கேள்விக்கு 12 விடைகள் வரை கொடுக்கலாம். நோன்புக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வடையா, சமோசாவா, பஜ்ஜியா என்று ராத்தா (அக்கா) ஒருவர் குழுவில் போட்டால், துபாயிலும் கோலாலம்பூரிலும் இருப்பவர்கள் அங்கிருந்தபடியே தட்டுவார்கள். யார் எதற்கு வாக்களித்தார்கள் என்பது குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். செய்தி முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டுப் போவதால் அதன் உள்ளடக்கம் வெளியே போகாது. வாப்பாவைப் பற்றிப் பத்துக் கேள்விகளைப் பிள்ளைகளே எழுதி, வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோ அழைப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டு, சரியான விடையை வாப்பாவையே சொல்ல வைத்து, பிள்ளைகளும் தங்கள் விடையைச் சொல்லலாம். ஆர்தர் ஆரனின் ஆய்வில் பலன் தந்த முறையும் அதுதான்: இருவரும் எதிரெதிரே இருக்க வேண்டும், இருவரும் பதில் சொல்ல வேண்டும், கேட்டவரும் அதே கேள்விக்குத் தன் விடையைத் தர வேண்டும்.